சியாட்டில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களிடம் வந்து ஏதாவது பேசச் சொல்லி முதலாளியம்மா முதலில் கேட்டார். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எழுதினால் கை வலிக்கும், சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். பார்ப்போம்.

என் பெயர் எஸ்தர். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அலுவலகத்தில், ஜன்னலோர நாற்காலியில், ஓய்வு பெறும் வரை விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். விமான நிலையமே இல்லாத ஊரில் இந்த வேலையைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும். காஞ்சிபுரத்தில் மேலே நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் தெரியும், மின்கம்பி தெரியும். விமானம் தெரிந்தால் அது வேறு ஊர்க்காரர்களுடையது. ஆனாலும் நம் கடைக்கு ஆள் வராத நாள் கிடையாது. பட்டு விற்கப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், வெளிநாட்டுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்யப் போகிறவர்கள் என்று வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

டிக்கெட் போடுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் கம்ப்யூட்டர் சொல்லும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள்: "அந்த ஊரு எவ்ளோ தூரம்?"

இது சுலபமான கேள்வி போலத் தெரியும். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இணையதளம் கிலோமீட்டரில் விடை சொல்லிவிடும். நீங்களும் அதை அப்படியே படித்துக் காட்டுவீர்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரு குருக்கள் அமெரிக்கா எவ்வளவு தூரம் என்று கேட்டார். சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே பறக்கும் விமானத்தில் சாயங்காலம் என்று ஒன்று எப்போது வரும், சந்தியாவந்தனத்தை எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் அவருடைய கவலை. ஏனாத்தூரில் படித்த ஒரு பையன் டெல்லி எவ்வளவு தூரம் என்று கேட்டான். பெண்ணின் அப்பா தேடிக்கொண்டு வந்தால் எவ்வளவு நேரத்தில் வந்து சேருவார் என்பது அவனுடைய கவலை. அவனுக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். இரண்டாவது பெயரை உரக்கப் படிக்கவில்லை.

இப்போது ஏகாம்பரம் அண்ணன் கதைக்கு வருகிறேன். இதில் உங்கள் மேலாளர் பிரபுவும் வருகிறார். அப்போது அவர் உங்களைப் போலப் புதியவர். அவரைப் பற்றி எழுதலாமா என்று அனுமதி கேட்டேன், கொடுத்தார். என்ன எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏகாம்பரம் பட்டு நெசவாளர். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. மனைவி காமாட்சி. ஒரே மகள் கவிதா, கல்யாணமாகிக் கணவனோடு அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்தாள். முதல் குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இப்போது இரண்டாவது. டாக்டர் பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவள் ஒண்டி ஆள். அம்மா வேண்டும் என்று தினமும் போனில் அழுகிறாள். அப்பா, அம்மா இருவருக்கும் விசா வாங்கியாகிவிட்டது. தறியில் கல்யாணப் புடவை ஏறியிருப்பதால் இப்போதைக்குக் காமாட்சி மட்டும் போவது என்று முடிவு.

முதல் நாள் ஏகாம்பரம் தனியாக வந்தார். நான் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பிரபுதான் கவனித்தார். எவ்வளவு தூரம் என்று கேட்டதும் தட்டிப் பார்த்து, பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் சொச்சம் என்றார். ஏகாம்பரம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பிரபு எனக்கு ஒரு புன்னகையைக் காட்டினார். வேலையைச் சுத்தமாக முடித்தவரின் புன்னகை.

மறுநாள் ஏகாம்பரம் காமாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. உட்காரவும் இல்லை.

"எங்க தெருவுல ஒருத்தர் போன மாசம் அதே ஊருக்குப் போயிட்டு வந்தாரு. சீட்டுக்கு முன்னால டிவில காட்னாங்களாம். ரெண்டு ப்ளேனும் சேத்தா பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல வருதாம். நீ பன்னண்டாயிரத்துத் தொள்ளாயிரம்ன்ற. நடுவுல ரெண்டாயிரம் எங்கப்பா போச்சி?"

பிரபு மறுபடியும் தட்டிப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. "சார், அது அப்ராக்சிமேட் சார்" என்றார்.

"அப்டின்னா?"

"தோராயமா சார்."

நெசவாளரிடம் தோராயம் என்று சொல்லலாமா? நான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டேன்.

"தோராயமா நெய்ஞ்சா முந்தான எங்கப்பா வந்து நிக்கும்?" என்றார் ஏகாம்பரம். "ஒரு பாவு நூலுக்கு ரெண்டு நீளம் உண்டா? தூரமே சரியாத் தெரியாதுன்னா எண்ணெ எவ்ளோ ஊத்துவான்? கடலுக்கு நடுவுல நின்னா தள்ளிக்கினு போவ ஆள் இருக்குதா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோபத்தில் கேட்டதால் வேடிக்கையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிரபு சிரிப்பை அடக்க ஸ்டேப்ளரை எடுத்து எதையோ குத்தினார். காமாட்சி மட்டும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் போன் இருந்தது. அதை அவர் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, இப்பிடி வந்து உக்காருங்க" என்று என் மேசைக்குக் கூப்பிட்டேன். அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உலக உருண்டையை எடுத்தேன். ஒரு நூலும் வேண்டியிருந்தது. காஞ்சிபுரம் என்பதால் பட்டு நூல் எடுத்தேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். காலையில் இட்லிப் பொட்டலம் சுற்றி வந்த நூல் அது. சாம்பார் வாசனை கூட இருந்தது.

நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து அழுத்தினேன். மறுமுனையைச் சியாட்டிலில் வைத்து இறுக்கி இழுத்தேன். "இதான் இந்தத் தம்பி சொன்ன தூரம். உருண்டைமேல இதவிடக் குறுக்கு வழி கெடையாது. ஆனா இந்த வழியில நேரா போற ப்ளேன் ஒண்ணும் இங்கருந்து இல்ல. நாம டிக்கெட் போடற ப்ளேன் மொதல்ல வளைகுடாவுக்குப் போவும். அங்க எறங்கி வேற ப்ளேன் மாறணும். அது ரெண்டையும் கூட்னா உங்க தெருக்காரர் சொன்ன கணக்கு. அவர் சொன்னதும் சரி, தம்பி சொன்னதும் சரி. உங்களுக்கு வேண்டியது அவர் சொன்னதுதான்."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையதளம் காட்டும் தூரம் பெரும்பாலும் நம் பயணி பறக்காத தூரம். வீட்டுக்கும் கோயிலுக்கும் காக்கை பறக்கிற தூரத்தைச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது போன்றது அது.

ஏகாம்பரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது. அளவில் தப்பில்லை, வழிதான் இரண்டு என்றால் அவருக்குச் சம்மதம். "சரி, எப்ப சீட்டு இருக்குது?" என்றார். அமெரிக்கப் பள்ளிகள் திறக்கும் நேரம். எல்லா விமானமும் நிரம்பி வழிந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு இடம் மீதி இருந்தது. அதை விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான். கவிதாவின் டாக்டர் இரண்டு வாரத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை.

வெள்ளி என்றதும் ஏகாம்பரம் திரும்பிச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். தினம் கிழிக்கும் நாள்காட்டிதான். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று சூலம் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் சூலம் பார்ப்பதில்லை. நாங்கள் தென்னேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது பைபிள் வசனம் மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. செவ்வாயும் புதனும் வடக்கு. திங்களும் சனியும் கிழக்கு. வியாழன் தெற்கு.

"வெள்ளிக்கெழம மேக்க சூலம். வளைகுடா மேக்கதான இருக்குது" என்றார்.

காமாட்சி கண்ணை மூடிக்கொண்டார். பரிகாரமாக வெல்லம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அந்த நாள்காட்டியிலேயே இருக்கிறது. ஆனால் முதல் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் வெல்லத்தை நம்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பிரபுவுக்கு மூளை வேலை செய்தது. எழுந்து வந்து உருண்டையைத் தொட்டுக் காட்டினார். "சார், நூல நல்லாப் பாருங்க. சென்னையிலருந்து வடக்க ஏறுது. சைனா, ரஷ்யா, அலாஸ்கா, அப்டியே எறங்கி சியாட்டில். சியாட்டில் நமக்கு மேக்க இல்ல சார், வடக்க இருக்குது. வெள்ளிக்கெழம வடக்க போலாம்ல?"

உண்மைதான். நூல் கிட்டத்தட்ட நேர் வடக்காகத்தான் போனது. ஏகாம்பரம் குனிந்து நூலோடு விரலை ஓட்டிப் பார்த்தார். காமாட்சி கண்ணைத் திறந்தார். பிரபு எனக்கு மறுபடியும் அந்தப் புன்னகையைக் காட்டினார்.

ஏகாம்பரம் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "எம்மா, நம்ப ப்ளேன் இந்த வழியாத்தான போவுது?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஆமாம் என்று சொன்னால் அவர் அந்த நிமிடமே டிக்கெட் வாங்கிவிடுவார். காமாட்சி மகளிடம் போய்ச் சேர்ந்துவிடுவார். பிரபு எனக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டு, தலையை ஆட்டு என்று மனதுக்குள் கெஞ்சுவது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. ஒரு தலையாட்டலில் யாருக்கு என்ன நஷ்டம்?

நான், "இல்லண்ணே" என்றேன். "மொதல்ல மேக்கதான் போவும். அரபிக்கடலத் தாண்டித்தான் வளைகுடா. அதுக்கப்புறந்தான் வடக்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிரபு பிறகு சண்டை போட்டார். ஒரு காரணம், இருக்கைக்கு இருக்கை வரைபடம் காட்டுகிறார்கள். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே விமானம் மேற்கே போவதைக் காமாட்சி பார்த்துவிடுவார். இன்னொரு காரணம், அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால், கடைக்காரி சொன்ன பொய்யை நம்பித்தான் இப்படி ஆயிற்று என்று ஏகாம்பரம் உயிரோடு இருக்கும்வரை நினைப்பார். மனைவியையும் நிம்மதியாக இருக்க விடமாட்டார். ஒரு டிக்கெட்டுக்காக அந்தப் பாரத்தை ஒருவர் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

"அப்ப வேணாம்" என்று ஏகாம்பரம் எழுந்தார். "ரெண்டு வாரம் கழிச்சிப் பாத்துக்கலாம். வா காமாட்சி."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. உண்மையைச் சொன்னதற்காக என்மீதும் வந்தது, நாள்காட்டி அச்சடித்தவன்மீதும் வந்தது. ஆனால் காமாட்சி எழுந்திருக்கவில்லை. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், உட்கார்ந்தபடியே கணவரைக் கேட்டார்.

"ஏங்க, நம்ப வூட்டுலருந்து ஏர்போர்ட்டு எந்தப் பக்கம்?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"சொல்லுங்க."

"கெழக்க."

"வூட்ட வுட்டு வெள்ளிக்கெழம கெழக்க கெளம்பறேன். கெழக்க போறதுக்கு அன்னிக்கி சூலம் இல்லியே. அதுக்கு மேல ப்ளேன்காரன் எந்தப் பக்கம் திருப்பிக்கினா எனக்கின்னா? அவன் அவன் சூலத்தப் பாத்துக்கட்டும்."

பிரபு ஸ்டேப்ளரை மறுபடியும் தேடினார்.

"அப்டில்லாம் பாக்கக்கூடாதுமா" என்றார் ஏகாம்பரம். குரலில் பாதி பலம்தான் இருந்தது. "போற எடத்துக்குத்தான் பாக்கணும். மொத தடவ ஆன மாதிரி இந்தத் தடவயும்..."

அவர் முடிக்கவில்லை. காமாட்சியும் முடிக்க விடவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மொத கொழந்த எந்த சூலத்துலங்க போச்சி? அவ வூட்ட வுட்டு எங்கியுமே போவலியே. கட்டில்லதான படுத்துக்கினு இருந்தா."

வெளியே பஸ் ஸ்டாண்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஏகாம்பரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, உருண்டையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"வெள்ளிக்கெழமைக்கே போட்டுடுமா" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாளாக அவர் தூரத்தைக் கேட்கவே இல்லை. தன் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதில் ஏதாவது பாக்கி வைத்துவிடுவோமோ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். கிலோமீட்டரும் சூலமும் அவர் கைக்கு எட்டிய காரியங்கள். மற்றது எதுவும் எட்டவில்லை. வாடிக்கையாளர் இம்சை செய்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும்போது, அவர் கைக்கு எது எட்டவில்லை என்று பாருங்கள். பாதி எரிச்சல் போய்விடும். மீதிப் பாதிக்கு டீ குடியுங்கள்.

காமாட்சி வெள்ளிக்கிழமை கிளம்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஏகாம்பரம் ஒரு கட்டி வெல்லத்தையும் மனைவியின் வாயில் போட்டுத்தான் வண்டியில் ஏற்றினாராம். விமானம் மாறும் இடத்தில் யாரிடம் என்ன காட்ட வேண்டும் என்று பிரபு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். காமாட்சி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்ததாக ஏகாம்பரத்திடம் போனில் சொன்னார். அவர் அதை எங்கள் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் கை வலி மிச்சம்.

சில நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் கடையைத் திறக்கும்போதே ஏகாம்பரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. நிறையக் குறைமாதம், எடை இல்லை, மூச்சுக்குக் குழாய் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். கவிதாவுக்கும் உடம்பு சரியில்லை. காமாட்சி இரண்டு அறைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணு போடுமா" என்றார்.

"தறில பொடவ இருக்குதேண்ணே?"

"எங்கூடப் பொறந்த தம்பிகிட்ட குடுத்துட்டேன். அவன் நெய்ஞ்சி அறுத்துக் குடுப்பான்."

தேடினேன். மறுநாள் காலை விமானத்தில் யாரோ வேண்டாம் என்று விட்ட ஓர் இடம் இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. சொல்லாமல் விட்டால் அன்றைக்குச் சொன்ன உண்மைக்கு அர்த்தம் இல்லை. ஆகவே சொன்னேன்.

"அண்ணே, நாளைக்கி சனிக்கெழம. வூட்டுலருந்து கெளம்பறதே கெழக்க. சூலம்."

"தெரியும்மா. நானும் பாத்துட்டுத்தான் வந்தேன். போடு."

பிரபு எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் பெயரைத் தட்டினேன், பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தட்டினேன். அவர் தண்ணீரைத் தொடவில்லை. நான் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கேட்டார்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் அது இருக்குமாம்மா?"

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே இது ஒன்றுதான் முழுசாக, நேராகக் கேட்கப்பட்ட கேள்வி. இதற்கு விடை சொல்லும் இணையதளம் இல்லை. பிரபு தோராயமாகக் கூட ஒன்றும் சொல்லவில்லை. இருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அன்றைக்கு வடக்கு என்று சொல்லத் துடித்த மாதிரியேதான்.

"தெரியலண்ணே" என்றேன். "ஆனா இதவிட சீக்கிரமா போற வழி உலகத்துல இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்துவிட்டு, பொத்தான் மாறியிருப்பதைப் பார்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் கிளம்பிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த விமானம் எங்கே பறக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரபிக்கடலைத் தாண்டியதைப் பார்த்தேன். வளைகுடாவில் இறங்கியதைப் பார்த்தேன். ஞாயிறு சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது போனை மடியில் மறைத்துவைத்து, அடுத்த விமானம் இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். இறங்கியிருந்தது. அதற்குமேல் எதையும் எனக்குக் கம்ப்யூட்டர் காட்டாது.

திங்கட்கிழமை காலை கடைக்குக் காமாட்சியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஏகாம்பரம். பிரபுவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பின்னால் ஏதோ மிஷின் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"எம்மா, இங்கதான் நின்னுக்கினு இருக்கேன். கொழந்தைக்கிட்ட" என்றார். "ஒரு ஜாண் தூரம். அளந்து பாத்துட்டேன். ஒரு ஜாண்தான். நடுவுல கண்ணாடி இருக்குது."

தொட விடுகிறார்களா என்று கேட்டேன்.

"நாளைக்கி வுடுறாங்களாம்" என்றார்.